குழந்தைக்கு ஏற்ற வெப்பமானி



விருதுநகர், சாத்தூர், சிவகாசி வட்டாரத்துக் கோடை வெயிலை அறியாதார் இலர். தீப்பெட்டியும் பட்டாசும் உலர்வதற்குத் துணை நின்ற அவ்வறண்ட வெப்பம், பச்சிளங் குழந்தையின் மேனியையும் சுடச் செய்கிறது. மேனி சுடுகிறது என்று தாயின் புறங்கை கூறும். எவ்வளவு என்று கூறாது. அளவைக் கூறுவது வெப்பமானியே. எத்தகைய வெப்பமானியை வாங்குவது என்னும் வினாவுக்கு அதன் வரலாறே விடை தருகிறது.

பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலிய மருத்துவர் சாண்டோரியோ, மனித உடலின் வெப்பத்தைக் கருவி கொண்டு அளக்க முயன்றார். 1714-இல் பாரன்ஹீட் பாதரச வெப்பமானியைச் செய்தார். சீராக விரிவதும், கண்ணாடியில் ஒட்டாமையும் பாதரசத்தின் சிறப்புகள். எனினும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில்கூட மருத்துவர் கையாண்ட கருவி ஏறத்தாழ ஓரடி நீளம் இருந்தது. அளந்து முடிக்கக் கால் மணி நேரத்துக்கு மேலாயிற்று. எந்தக் குழந்தை அவ்வளவு நேரம் அசையாதிருக்கும்? 1860-களில் ஆங்கில மருத்துவர் ஆல்பட் ஆறங்குலக் கருவியை அமைத்து, அந்நேரத்தை ஐந்து நிமிடமாகக் குறைத்தார். 1868-இல் ஜெர்மானிய மருத்துவர் வுண்டர்லிக், பல்லாயிரம் நோயாளரின் வெப்ப அளவுகளை ஆராய்ந்து நூல் வெளியிட்டார். அதன் பின்னர் வெப்பமானி மருத்துவரின் இன்றியமையாக் கருவியாயிற்று.

அக்கருவியின் மறுபக்கத்தை நமக்குக் காட்டியது கோடைக்கானல். 1980-களில் அமெரிக்காவிலிருந்து இயந்திரங்களைக் கொணர்ந்து அம்மலையில் வெப்பமானித் தொழிற்சாலை ஒன்று நிறுவப்பெற்றது. பின்னர் அது இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் உடைமையாயிற்று. 2001-இல் பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடிக் கழிவுகள் ஊரிலுள்ள பழைய பொருள் கடையில் காணப்பட்டன. மக்கள் கிளர்ந்தெழுந்தனர், ஆலை மூடப்பட்டது. 2003-இல் ஏறத்தாழ 290 டன் கழிவு அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. உடல்நலம் கெட்டதெனத் தொழிலாளர் முறையிட்டனர். நிறுவனம் அதனை மறுத்தது. நெடிய வழக்குக்குப் பின், 2016-இல் முன்னாள் தொழிலாளர் 591 பேருடன் உடன்பாடு ஏற்பட்டது. ஒரு பொருளின் பயனை வாங்குபவர் அடைகிறார். அதன் தீங்கைச் செய்பவரே முதலில் ஏற்கிறார். வெடிமருந்தோடு பழகிய நம் வட்டாரத்தார்க்கு இவ்வுண்மை புதிதன்று.

பாதரசம் அறை வெப்பத்திலேயே ஆவியாகும். கருவி உடைந்தால் மணிகளாகச் சிதறித் தரையில் ஓடும். அத்தரையிலேதான் குழந்தை தவழ்கிறது! உடைந்துவிட்டால் குழந்தையை அப்புறப்படுத்திச் சாளரங்களைத் திறக்க வேண்டும், துடைப்பத்தால் பெருக்கலாகாது, பெருக்கினால் மணிகள் மேலும் சிதறும். பாதரசத்தைப் படிப்படியாக விலக்குவதற்கென 2013-இல் மினமாட்டா உடன்படிக்கை உருவாயிற்று. 2018-இல் இந்தியா அதனை ஏற்புறுதி செய்தது.

ஆதலின் குழந்தைக்கு வாங்கத்தக்கது மின்னணு வெப்பமானியே. வெப்பத்திற்கேற்ப மின்தடை மாறும் சிறு உறுப்பு அதன் நுனியில் உள்ளது. நுனியை அக்குளில் வைத்து, ஒலி எழும்வரை கையை அணைத்துப் பிடித்தல் வேண்டும். அக்குளில் அளவு சற்றுக் குறைவாகவே காட்டும். மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு 100.4 பாரன்ஹீட் பாகையை நெருங்கினாலும் காலந்தாழ்த்தாது மருத்துவரை நாடுக.

சரியாக அளப்பதா, விரைவாக அளப்பதா என்றுதான் முந்நூறு ஆண்டுகள் ஆராய்ந்தனர். அளக்கும் கருவி யாருக்கும் தீங்கு செய்யலாகாது என்பதையும் சேர்த்து எண்ணுவது நம் தலைமுறையின் கடமை.