திரிந்ததா, மாறியதா, மருவியதா?

போன டிசம்பரில் குன்னூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை. காலை ஆறு மணி, நல்ல பனி. கடைக்கார அக்கா பாத்திரத்தைத் திறந்து பார்த்துவிட்டு, "பால் திரிஞ்சு போச்சு தம்பி, பால் இல்லாம போடட்டுமா?" என்றார்.

அந்தத் 'திரிஞ்சு' எனக்கு ஏழாம் வகுப்பை ஞாபகப்படுத்திவிட்டது. 'என் வீடு' என்று ஒரு கட்டுரை எழுதச் சொல்லியிருந்தார்கள். "எங்கள் லயத்தில் பத்து வீடுகள் உள்ளன" என்று தொடங்கியிருந்தேன். ஆசிரியர் 'லயம்' என்ற சொல்லைச் சிவப்பு மையால் சுழித்து, "லயம் பாட்டில் வருவது. இது திரிந்த பேச்சு. வரிசை வீடு என்று எழுது" என்றார். வகுப்பே சிரித்தது. திருத்தி எழுதிக் கொடுத்தேன். சாயங்காலம் அப்பாயியிடம் சொன்னபோது, "நாம இருக்கிறது லயந்தானே சாமி, வேற என்னன்னு சொல்றது?" என்று கேட்டாள். அவளுக்கு அன்று என்னிடம் பதில் இல்லை.

இப்போது கொஞ்சம் தேடிப் பார்த்ததில் கிடைத்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஒன்று முன்போல இல்லை என்பதைச் சொல்ல நம்மிடம் பல சொற்கள் உண்டு. அதில் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். திரி, மாறு, மருவு. மூன்றும் ஒன்றுதான் என்று நினைப்போம். ஆனால் மூன்றிலும் நம் மனநிலை வேறு வேறு.

'திரி' என்றால் பெரும்பாலும் குறை. பால் திரிகிறது. பையன் வேலையில்லாமல் திரிகிறான். செய்தியைத் திரித்துச் சொன்னார்கள். ஆனால் இலக்கணத்தில் இந்தக் குறை கிடையாது. நன்னூல் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்று விகாரங்களைச் சொல்கிறது. அவை சொற்கள் சேரும்போது நடப்பவை, அவ்வளவுதான். தொல்காப்பியத்தின் 'திரிசொல்' இன்னும் வேடிக்கை. அது கற்றவர்களுக்கே விளங்கும் செய்யுள் சொல்! படித்தவர் திரித்தால் செய்யுள், லயத்துப் பையன் திரித்தால் சிவப்பு மை.

'மாறு' கொடுக்கல் வாங்கல் சொல். சில்லறை மாத்துகிறோம், மாத்துத்துணி எடுத்து வைக்கிறோம், வேலையில் மாறுதல் வாங்குகிறோம். ஒன்று போனால் இன்னொன்று வரும். பண்டமாற்று என்பதும் இதிலிருந்து வந்ததுதான். நீலகிரியே ஒரு காலத்தில் பண்டமாற்றில் வாழ்ந்த மலை. தோடர்களிடமிருந்து நெய், படகர்களிடமிருந்து தானியம், கோத்தர்களிடமிருந்து மண்பானையும் இரும்புக் கருவிகளும், குறும்பர்களிடமிருந்து தேனும் காட்டுப் பொருட்களும் கைமாறின. பணமும் சந்தையும் பெருகப் பெருக, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்த ஏற்பாடு தளர்ந்தது.

பொருள் மட்டுமா கைமாறும்? பழந்தமிழில் 'மாற்றம்' என்றால் சொல், விடை என்றே பொருள். 725ஆம் குறளில் 'மாற்றம்' என வருவது, சபையில் அஞ்சாமல் கொடுக்கும் விடை. சிவபுராணத்திலும் அது சொல் என்ற பொருளில்தான் வருகிறது. நாம் அந்தப் பொருளை விட்டுவிட்டோம். ஆனால் குன்னூர் மார்க்கெட்டில் இரண்டு படகர்கள் பேசுவதைக் கேளுங்கள். பேச்சுக்கு அவர்கள் சொல்வது 'மாத்து'. கன்னடத்திலும் அதுவேதான். ஒருவர் கொடுக்க இன்னொருவர் திருப்பிக் கொடுப்பதுதானே பேச்சு? அதனால்தான் இரண்டுக்கும் ஒரே வேர் அமைந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

மூன்றாவது 'மருவு'. இதற்குத் தழுவுதல், நெருங்கிப் பழகுதல் என்று பொருள். இதிலிருந்து வந்ததுதான் 'மரூஉ'. பழகிப் பழகி உருமாறிய சொல். பவணந்தி முனிவர் இதைப் பிழைகளோடு சேர்க்கவில்லை. இலக்கணமுடையது, இலக்கணப்போலி, மரூஉ என்று மூன்றையும் இயல்பு வழக்கில் வைத்தார். இயல்பு என்கிறார், கவனியுங்கள்.

பள்ளிக்கூடத்தில் மரூஉவுக்குச் சொல்லித்தரும் உதாரணங்களில் ஒன்று நம் ஊர்தான். உதகமண்டலம், உதகை. ஆனால் உதகமண்டலம்தான் மூலமா? 'மந்து' என்பது தோடர் குடியிருப்பு. மாட்டு மந்தை என்கிறோமே, அந்தச் சொல்லுக்கு உறவு. முன்பகுதியை 'ஒற்றைக்கல்' என்று விளக்குவது வழக்கம். கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் மலையேறினார். 1821 மார்ச்சில் மெட்ராஸ் கெஜட்டில் வந்த ஒரு கடிதத்தில் இந்த ஊர் 'வோட்டோகிமண்ட்' என்று இருக்கிறது. அப்புறம் அது ஊட்டகமண்ட் ஆகி, ஊட்டி என்று சுருங்கியது. இன்னொரு பக்கம் மந்து 'மண்டலம்' ஆகி, ஊர் உதகமண்டலமாகி, அதிலிருந்து உதகை வந்தது. ஆக, நாம் திருத்தமான பெயர் என்று நினைத்து எழுதுவதே ஒரு மாறிய பெயர். யாரும் அதைச் சிவப்பு மையால் சுழிக்கவில்லை. அரசாங்க முத்திரையே அந்தப் பெயரில்தான் இருக்கிறது.

இப்போது அப்பாயியின் லயத்துக்கு வருகிறேன்.

தோட்டத் தொழிலாளர்களை வைக்க வெள்ளைக்காரத் துரைமார் ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள் கட்டினார்கள். அதற்குப் பெயர் 'லைன்'. அது நம் ஆட்களின் வாயில் லயன், லயம் என்று ஆனது. காலையில் ஆள் கணக்கெடுக்க நிறுத்துவது 'பரேடு'. அது இலங்கைத் தோட்டங்களில் 'பெரட்டு' ஆனது. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கை மலையகத்திலிருந்து 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதாகச் சொன்னது. மீதி 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். நோட்டுக்குச் சில்லறை மாத்துகிற மாதிரி. அப்படி வந்தவர்களுக்காக வனத்துறை 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டம்தான் பின்னாளில் 'டான்டீ' ஆனது. என் அப்பாயியும் அந்தக் கணக்கில் வந்தவள்தான். ஒரு தகரப் பெட்டியும் பெரட்டு, லயம் என்ற சொற்களும் அவளோடு வந்தன.

'வரிசை வீடு' என்று எழுதினால் தமிழ் சுத்தமாக இருக்கும். ஆனால் யார் கட்டினார்கள், ஏன் வரிசையாகக் கட்டினார்கள், அதில் இருந்தவர்கள் எந்தக் கடலைத் தாண்டி வந்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்காது. லயம் என்றால் இருக்கும்.

லயம் பிறமொழிச் சொல், அதை மரூஉப் பட்டியலில் சேர்க்க முடியாது என்று இலக்கணம் படித்தவர்கள் சொல்லலாம். சரிதான். ஆனால் ஊட்டியும் வெள்ளைக்காரன் வாயில் புகுந்து திரும்பி வந்த சொல்தானே? நான் வாதாடப் போவதில்லை.

போன வாரம் என் மகளின் தமிழ்ப் பாடத்தில் அந்தப் பட்டியல் வந்தது. தஞ்சாவூர் – தஞ்சை, கோயம்புத்தூர் – கோவை, உதகமண்டலம் – உதகை. கடைசி வரிக்குக் கீழே பென்சிலால் 'லைன் – லயம்' என்று எழுதி வைத்தேன். "இது பரீட்சைக்கு வருமாப்பா?" என்று கேட்டாள். வராதும்மா, அது நம்ம அப்பாயிக்கு என்றேன்.