வழக்கு காத்த ஊமைப்படம்

பேசும்படம் தோன்றுவதற்கு முன்னர் நம் நாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊமைப்படங்கள் எடுக்கப்பட்டன. அவற்றுள் இன்று எஞ்சியிருப்பவை மிகச் சிலவே. மதராஸில் நடராஜ முதலியார் எடுத்த ‘கீசக வதம்’ இன்று இல்லை. அகஸ்தீஸ்வரத்தைச் சேர்ந்த ஜே. சி. டேனியல் தம் சொத்தை விற்று எடுத்த ‘விகதகுமாரன்’ என்னும் முதல் மலையாளப் படமும் இல்லை. இவ்வழிவினின்று தப்பிப் பிழைத்த ஒரு படத்தின் வரலாறு அறிந்து இன்புறத்தக்கது. அதுவே ‘மார்த்தாண்ட வர்மா’.

அந்நாளைய பிலிம் எளிதில் தீப்பற்றும் தன்மையது. வெப்பத்தில் விரைவாகக் கெடுவது. 1931-இல் பேசும்படம் வந்தபின் ஊமைப்படத்தை வாடகைக்கு எடுப்பாரும் இலர். எனவே, பிலிமில் கலந்துள்ள வெள்ளியைப் பிரித்தெடுப்பதற்காகச் சுருள்களை எடைக்குப் போட்டனர். கலை என்று கருதி அவற்றைப் பேணியோர் அரியர்.

சி. வி. ராமன் பிள்ளை 1891-இல் வெளியிட்ட ‘மார்த்தாண்ட வர்மா’, மலையாள மொழியின் முதல் வரலாற்று நாவலாகப் போற்றப்படுவது. திருவிதாங்கூர் அரியணைக்குரிய இளவரசரை வீழ்த்த எட்டுவீட்டுப் பிள்ளைமார் செய்த சூழ்ச்சியே அதன் பொருள். பத்மநாபபுரம், சாரோடு முதலாய இடங்களில் கதை நடைபெறுகிறது. அவை இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளவை. 1956 நவம்பர் 1-ஆம் நாள் தாய்த் தமிழகத்துடன் இணைந்தவை. எனவே, மலையாள நாவலாயினும் அதன் மண் நமக்கு அயல் அன்று.

இந்நாவலைப் படமாக்க முனைந்தவர் நாகர்கோவில் ஆர். சுந்தரராஜ், டேனியலின் உறவினர். இயக்கியவர் பி. வி. ராவ். நடிகர் பேச இயலாமையால் கதையை விளக்கும் எழுத்துகள் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் திரையில் தோன்றின. அக்காலத் திருவிதாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாளின் பவனிக் காட்சியும் படத்தில் இடம்பெற்றது. பேசும்படம் பரவிவிட்ட 1933-இல், திருவனந்தபுரம் கேப்பிட்டல் தியேட்டரில் படம் வெளியாயிற்று.

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. நாவலின் உரிமை தம்மிடம் இருக்க, இசைவின்றிப் படம் எடுக்கப்பட்டது எனப் பதிப்பாளரான கமலாலயா புத்தக நிலையத்தார் வழக்குத் தொடுத்தனர். தடை பிறந்தது; காட்சிகள் நின்றன; படச்சுருள் பதிப்பாளர் வசமாயிற்று. சுந்தரராஜின் உழைப்பும் பொருளும் வீணாயின.

ஆயின் விதியின் விளையாட்டைக் காண்க. வழக்கில் தோற்ற படம் பதிப்பாளரின் கிடங்கில் அடைபட்டது. நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னர், 1974-இல், புனே நகரிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தார் அதனைக் கண்டெடுத்துக் காத்தனர். தென்னாட்டு ஊமைப்படங்களுள் இன்று கண்ணால் காணக் கிடைப்பவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. அவற்றுள் இஃது ஒன்று.

இரயில்வேயில் பணிபுரியும் எமக்கு இதன் சூட்சுமம் எளிதில் விளங்கும். கேட்பாரின்றிப் பார்சல் ஆபீசில் கிடக்கும் பொருள், தவணை கழிந்ததும் ஏலத்துக்குப் போகும். வழக்கில் சிக்கிய பொருளையோ ஒருவரும் தொடத் துணியார். கட்டு அவிழாமல் மூலையில் கிடக்கும். ஊர் ஊராகச் சென்று பொருளீட்டியிருப்பின் இப்படமும் தேய்ந்து, கிழிந்து, இறுதியில் எடைக்குப் போயிருக்கும். சுந்தரராஜை வீழ்த்திய தடையுத்தரவே அவர் பெயரை நிலைநிறுத்திற்று. வெற்றி கண்ட படங்கள் பல மறைந்தன. தோல்வியுற்ற படம் நின்றது.

எனினும் எல்லாப் பொருளுக்கும் இத்தகைய நல்லூழ் வாய்ப்பதில்லை. தாயகத்தை விட்டு வந்து இக்காலனியில் வாழும் நாம் ஆண்டுதோறும் நாடகம் நடத்துகிறோம், மலர் வெளியிடுகிறோம், புகைப்படம் எடுக்கிறோம். மாற்றல் உத்தரவு வந்ததும் மூட்டை கட்டுகையில் முதலில் கழிக்கப்படுபவை இவையே. நம் பிள்ளைகள் ‘எங்கள் பெற்றோர் இங்கு எவ்வாறு வாழ்ந்தனர்?’ என வினவும் நாளில் எதனைக் காட்டுவோம்? சங்க அறையில் ஓர் இரும்பு அலமாரியும், அதன் சாவிக்குப் பொறுப்பேற்கும் ஓர் அன்பரும் இருப்பின் போதும். இவ்வாண்டே அதனைச் செய்ய முன்வருவோமாக!

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!