ஜூலு மணியும் வெள்ளி ஓநாயும்

சாரணர் இயக்கம்னு சொன்னதும் நம்ம ஊரில் படித்த பலருக்கும் ஞாபகம் வருவது ஆகஸ்ட் 15தான். காக்கிச் சட்டை, கழுத்தில் ஸ்கார்ஃப், கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் நாலு பசங்க, பக்கத்தில் விசிலோடு ஒரு பி.டி. மாஸ்டர். கொடியேற்றம் முடிந்தால் மிட்டாய். இதற்குப் பின்னால் பெரிய வரலாறு ஒன்று இருக்கும், அதிலும் நம்ம சென்னைக்கு முக்கியமான பங்கு இருக்கும்னு அப்போ யாரும் சொல்லித் தரவில்லை. மாண்ட்ரியலுக்குப் படிக்க வந்த இடத்தில்தான் எனக்கு அது தெரிய வந்தது.

இங்கே ஒரு சர்ச்சின் கீழ்த்தளத்தில் வாராவாரம் கூடும் குருளையர் குழுவுக்கு (எட்டிலிருந்து பத்து வயசுப் பிள்ளைகள்) இரண்டு குளிர்காலமாக உதவித் தலைவராக இருக்கிறேன். சம்பளம் கிடையாது. போலீஸ் சரிபார்ப்பு, நேர்முகம் எல்லாம் முடித்த பிறகுதான் பிள்ளைகள் பக்கமே விடுவார்கள். கியூபெக்கில் ஆங்கிலக் குழுக்கள் ஒரு சங்கம், பிரெஞ்சுக் குழுக்கள் வேறொரு சங்கம். அந்தக் கதை தனிப் பதிவுக்கு ஆகும், விடுங்க.

எங்கள் மூத்த தலைவர் கழுத்தில் ஒரு தோல் கயிறு. அதன் இரண்டு முனையிலும் ஒவ்வொரு மர மணி. 'வுட் பேட்ஜ்' என்பது அதுதான். பயிற்சி முடித்து, கற்றதைக் குழுவில் செய்து காட்டுகிற பெரியவர்களுக்குத் தருவது. உலகம் முழுக்க ஒரே மாதிரி. நம்ம ஊரில் இதற்கு இமாலய வுட் பேட்ஜ் என்று பெயர். மத்தியப் பிரதேசத்தில் பச்மரியில் இருக்கும் தேசியப் பயிற்சி மையம் இதற்குப் பேர் போனது. இரண்டு மணி என்றால் பயிற்சி முடித்தவர். மூன்று, நான்கு என்றால் பயிற்சி தருபவர்.

எனக்கும் அந்த இரண்டு மணி வரப்போகிறது. சந்தோஷம்தான். ஆனால் அது எங்கேயிருந்து வந்தது என்று தேடிப் படித்த பிறகு கொஞ்சம் யோசனையாகிவிட்டது.

1888. தென்னாப்பிரிக்காவில் ஜூலு அரசன் டினுஜூலுவுக்கு எதிராக பிரிட்டிஷ் படை கிளம்புகிறது. அதில் ஒரு இளம் அதிகாரி ராபர்ட் பேடன் பவல், பின்னாளில் சாரணர் இயக்கத்தை ஆரம்பித்தவர். டினுஜூலுவுக்கு நீளமான மர மணி மாலை ஒன்று இருந்தது. வீரத்துக்கு அடையாளமாக ஜூலு மக்கள் அணியும் மணிகள் அவை. அரசன் விட்டுப்போன குடிசையில் அதைக் கண்டெடுத்ததாக பேடன் பவல் பிற்காலத்தில் சொன்னார். உண்மையில் எப்படிக் கைக்கு வந்தது என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. எப்படி வந்திருந்தாலும் போரில் வந்த பொருள், கொடுத்து வாங்கினது இல்லை. டினுஜூலுவைப் பிடித்து செயின்ட் ஹெலனா தீவுக்கு அனுப்பினார்கள். நெப்போலியனை அடைத்த அதே தீவு. பிற்பாடு ஊர் திரும்பி, மறுபடி சிறைப்பட்டு, 1913இல் இறந்தார்.

அடுத்த ஆறே வருஷத்தில் அந்த மாலை அவிழ்க்கப்பட்டது. 1919இல் மக்லாரன் என்பவர் கொடுத்த பணத்தில் லண்டனுக்கு அருகே கில்வெல் பார்க் என்ற இடத்தை வாங்கி, செப்டம்பர் 8ஆம் தேதி சாரணர் தலைவர்களுக்கு முதல் பயிற்சி முகாம் தொடங்கினார்கள். முடித்தவர்களுக்கு என்ன கொடுக்கலாம் என்று யோசித்தபோது பேடன் பவல் எடுத்தது அந்த ஜூலு மாலையை. முதலில் கொடுத்தவை அசல் மணிகள். ஒரு மாலை எத்தனை பேருக்கு வரும்? பிறகு நகல்கள். இன்றைக்கு எனக்கு வரப்போவதும் நகல்தான். பயிற்சி பெற்றவர்கள் அணியும் ஸ்கார்ஃபில் மக்லாரன் குலத்தின் ஸ்காட்டிஷ் கட்டத்துணி ஒரு துண்டு இருக்கும். பணம் கொடுத்தவர் பெயர் துணியில் வந்துவிட்டது. மாலைக்குச் சொந்தக்காரர் பெயர் எதிலும் கிடையாது. அது கதையில் மட்டும்தான்.

இந்த இடத்தில் சென்னைக்கு வருவோம். தலைவர்களுக்கான இன்னொரு விருதின் கதை அங்கேதான் இருக்கிறது.

இந்தியாவில் சாரணர் இயக்கம் 1909இல் பெங்களூரில் தொடங்கியது. வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கும் ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்கும் மட்டும். இந்தியப் பையன்களைச் சேர்க்க அரசுக்குத் தயக்கம். அணிவகுப்பு, வரைபடம், சமிக்ஞை, காட்டில் தடம் பார்ப்பது இதையெல்லாம் சொல்லிக் கொடுத்தால் நாளைக்கு யாருக்கு எதிராகப் பயன்படுத்துவார்கள் என்ற பயம். அந்தப் பயத்தில் அர்த்தம் இல்லாமலும் இல்லை!

சேர்க்காவிட்டால் நாமே ஆரம்பிப்போம் என்று கிளம்பியவர்களில் முக்கியமானவர் அன்னி பெசன்ட் அம்மையார். அடையாறு பிரம்மஞான சபையின் தலைவர். 1916-17 வாக்கில் அருண்டேலோடு சேர்ந்து சென்னையில் இந்தியச் சாரணர் சங்கத்தைத் தொடங்கினார். பசங்களுக்குத் தலைப்பாகை, இந்தியப் பாட்டுகள். அதே காலத்தில்தான் ஹோம் ரூல் இயக்கத்தையும் நடத்தினார். 1917 ஜூனில் சென்னை கவர்னர் பென்ட்லண்ட் அவரையும் அருண்டேலையும் வாடியாவையும் காவலில் வைக்க உத்தரவு போட்டார். ஊட்டியில் அடைபட்டு, நாடு முழுக்க எழுந்த எதிர்ப்பில் செப்டம்பரில் விடுதலையாகி, அந்த டிசம்பரிலேயே காங்கிரஸ் தலைவர் ஆனார். அதாவது அந்தச் சாரணர் சங்கத்தைத் தொடங்கிய இருவருமே அரசின் கைதிகளாக இருந்தவர்கள்.

1921இல் பேடன் பவல் இந்தியா வந்தார். சென்னையில் பெசன்ட் அம்மையாரின் சங்கம் அதிகாரப்பூர்வ அமைப்போடு இணைந்தது. அம்மையாருக்கு இந்தியாவுக்கான கௌரவ ஆணையர் பதவி. 1932இல் 'வெள்ளி ஓநாய்' விருதும் கிடைத்தது. சாரணர் தலைவர் ஒருவருக்கு பிரிட்டிஷ் சங்கம் தந்த மிக உயர்ந்த விருது அது. அப்போது அவருக்கு வயது 84. அடுத்த வருஷம் செப்டம்பரில் அடையாறில் காலமானார்.

காவலில் வைத்ததற்கும் விருதுக்கும் நடுவே பதினைந்து வருஷம். அரசாங்கமும் சாரணர் சங்கமும் ஒன்றில்லைதான். ஆனாலும் வைஸ்ராயும் கவர்னர்களும் புரவலர்களாக இருந்த சங்கம் அது. 1932 எப்படிப்பட்ட வருஷம்னு பாருங்க. காந்தி எரவாடா சிறையில். ஒத்துழையாமை வேண்டாம் என்று அம்மையார் காந்தியிடமிருந்து விலகி வெகு காலம் ஆகியிருந்தது. யாருக்கும் அவரால் ஆபத்தில்லை. விருது தாமதமாக வந்ததா, அல்லது வரக்கூடிய நேரம் பார்த்து வந்ததா? எனக்கு இரண்டாவதுதான்னு படுது. அதனால் அவர் செய்த வேலை சின்னதாகிவிடாது. அவர் திறந்த கதவு வழியாகத்தான் நம்ம பக்கத்துப் பையன்கள் பலர் உள்ளே போனார்கள்.

கதை அத்தோடு முடியவில்லை. 1937இல் டெல்லியில் அகில இந்திய ஜாம்போரிக்கு வந்துபோன பேடன் பவல், பிறகு இந்தியர்களின் குணத்தைப் பற்றி இழிவாகச் சொன்ன கருத்து பெரிய புயலைக் கிளப்பியது. 1938இல் பலர் வெளியேறினார்கள். இந்துஸ்தான் சாரணர் சங்கம் உருவானது. பெசன்ட் அம்மையாருக்கு ஓநாய் கிடைத்து ஆறு வருஷம்தான் ஆகியிருந்தது. பிரிந்தவை மறுபடி இணைந்தது சுதந்திரத்துக்குப் பிறகு, 1950 நவம்பர் 7ஆம் தேதி, பாரத சாரணர் சாரணியர் இயக்கமாக. அதன் உயர்ந்த விருதின் பெயர் 'வெள்ளி யானை'. ஓநாய் போய் யானை வந்தது. விருது வேண்டாம் என்று சொல்லவில்லை. யார் தருவது, எந்த உருவத்தில் தருவது என்பதை மாற்றிக்கொண்டார்கள். கனடாவில் இன்றும் ஓநாய்தான்.

இதில் இன்னொரு சின்ன விஷயம். வெள்ளி ஓநாய் 1909இல் தொடங்கியபோது பெரியவர்களுக்கான விருதே இல்லை. நிறைய தகுதிச் சின்னங்கள் வாங்கிய பையன் உழைத்துப் பெறும் பதக்கம். பிறகுதான் மேலே இருப்பவர்கள் பார்த்துத் தரும் கௌரவமாக மாறியது. உழைத்துப் பெறுவதற்கும் பார்த்துத் தருவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கு. இரண்டாவதில் நம்மை யார் பார்க்கிறார்கள், எப்போது பார்க்கிறார்கள் என்ற அரசியல் வந்துவிடுகிறது. வுட் பேட்ஜ் இன்றும் முதல் வகை. முடித்தவர் எவரானாலும் கிடைக்கும், யார் தயவும் வேண்டாம். எனக்கு அதுதான் பிடித்தது. ஆனால் அரசியல் இல்லாத அந்த விருதின் உள்ளேயே ஒரு தோற்ற அரசனின் மாலை இருக்கிறது. என்ன செய்ய?

சென்ற வாரம் ஒரு குட்டிப் பையன் மூத்த தலைவரிடம் மணியைத் தொட்டுப் பார்த்து, "இது எந்தக் கடைல கிடைக்கும்?" என்றான். அவர் சிரித்துக்கொண்டே, "கடைல கிடைக்காது, வேலை செஞ்சாதான் கிடைக்கும்" என்றார். நல்ல பதில்தான். எனக்கு அதோடு இன்னும் ஒரு வரி சேர்க்கத் தோன்றியது: அதற்கு முன்னாடி அது ஒருத்தருடைய மாலை, அவர் பெயர் டினுஜூலு.

வேண்டாம்னு மறுத்துவிடலாம்னுகூட ஒரு நாள் யோசித்தேன். மறுத்தால் மணி டினுஜூலு வீட்டுக்குத் திரும்பிப் போகப்போவதில்லை, கதையும் வெளியே வரப்போவதில்லை. அதனால் வாங்கிக்கொள்ளப் போகிறேன். தீ மூட்டி உட்காரும் முதல் முகாமில் பிள்ளைகளுக்கு ஜூலு அரசனையும், ஊட்டியில் அடைபட்டிருந்த அந்த 69 வயசு அம்மாவையும் சொல்லப் போகிறேன். எட்டு வயசுக்கு இதெல்லாம் புரியுமா என்று கேட்காதீங்க. பசங்களுக்கு நியாயம், அநியாயம் நம்மைவிடச் சீக்கிரம் புரியும்.

கடைசியாக ஒன்று. சென்னையில் அந்தக் காலத்தில் தலைப்பாகையோடு சாரணராக இருந்தவர்களின் பேரப்பிள்ளைகள், கொள்ளுப்பேரப்பிள்ளைகள் எங்கோ இருப்பார்கள். வீட்டுப் பரணில் பழைய ஸ்கார்ஃபோ, பித்தளைச் சின்னமோ, குரூப் போட்டோவோ இருந்தால் தூக்கிப் போட்டுடாதீங்க. தாத்தா பெயரையும் வருஷத்தையும் பின்பக்கம் எழுதி வையுங்க.