கட்டைவிரல் ரேகை

சென்ற மாதம் சாயர்புரத்துக்குப் போயிருந்தபோது தலைவலி மாத்திரை வாங்குவதற்காகக் கடைத்தெருவில் ஒரு மருந்துக் கடைக்குள் நுழைந்தேன். ஓர் அட்டை மாத்திரைதான். முப்பது ரூபாய் கூட இல்லை. பணத்தை நீட்டியதும் கடைப் பையன், "செல் நம்பர் சொல்லுங்க அண்ணாச்சி" என்றான்.

என்னுடைய தலைவலிக்கும் என்னுடைய டெலிபோன் நம்பருக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை. "எதற்குத் தம்பி?" என்று கேட்டேன்.

"எனக்கு எதுக்கு? கம்ப்யூட்டர் கேக்குது" என்றான் பையன், தன்மீது குற்றமே இல்லை என்பதுபோல.

நான் தயங்கி நின்றதற்குள் பக்கத்தில் நின்ற ஓர் அம்மாள் தம்முடைய நம்பரை, எதிரே பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள்கூட எழுதிக்கொள்ளலாம் போன்ற குரலில் சொல்லிவிட்டு, மாமியாரின் சர்க்கரை மாத்திரையை வாங்கிக்கொண்டு போனார். என் பின்னால் நின்ற பெரியவர் ஒருவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "இதுல என்னத்துக்கு யோசனை? நம்மகிட்ட ஒளிக்கிறதுக்கு என்ன இருக்கு? திருடன்லா பயப்படணும்!" என்றார்.

கேள்வி நியாயமானதாகத்தான் பட்டது. ஆனாலும் மாத்திரை போட்டும் தலைவலி தீர்ந்ததே தவிர, அந்தக் கேள்வி தீரவில்லை. வீடு திரும்பிய பிறகு யோசித்துப் பார்த்தபோதுதான், இது கம்ப்யூட்டர் காலத்துக் கேள்வியே அல்ல, நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கேள்வி என்பதும், நம் தமிழ்நாட்டிலேயே அதற்கு உயிரைக் கொடுத்துப் பதில் சொன்னவர்கள் உண்டு என்பதும் நினைவுக்கு வந்தன.

*

சாயர்புரம் ஒரு வியாபாரியின் பெயரைத் தாங்கி நிற்கும் ஊர். சாயர் என்ற அந்த மனிதரின் பெயரால் ஊர் உண்டாயிற்று. பின்னாளில் 1886-ல் திருக்குறளை ஆங்கிலத்தில் வெளியிட்ட ஜி. யு. போப், தம் வாலிப வயதில், 1840-களில், இந்தத் தேரிக்காட்டுப் பக்கத்தில் தங்கிப் பள்ளிக்கூடம் நடத்தினார். 1962-ல் இங்கே தொடங்கிய கல்லூரி அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது.

மிஷனரிகள் போன இடமெல்லாம் பதிவேடும் கூடவே போயிற்று. ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் ஆகிய மூன்றுக்கும் மூன்று பெரிய புத்தகங்கள். ஒரு மனிதனுடைய வாழ்க்கையே மூன்று வரியில் முடிந்துவிடும். ஆனாலும் அந்தப் புத்தகத்தைக் கண்டு யாரும் பெரிதாக அஞ்சினதில்லை. எழுதுகிற ஐயரை எல்லோருக்கும் தெரியும். எழுதப்படுகிறவர்களை ஐயருக்கும் தெரியும். புத்தகம் கோயிலைவிட்டு வெளியே போவதில்லை.

கிராமத்தில் இரகசியம் ஏது என்று கேட்கலாம். உண்மைதான். யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை, யார் மகள் கோபித்துக்கொண்டு வந்திருக்கிறாள் என்பதெல்லாம் பொழுது விடிவதற்குள் ஊருக்குத் தெரிந்துவிடும். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. ஆனால் அதில் ஒரு சமத்துவம் இருந்தது. அவன் கதை எனக்குத் தெரியும் என்றால் என் கதை அவனுக்குத் தெரியும். அதைவிட முக்கியம், ஊருக்கு மறதி உண்டு. பத்து வருஷத்துக்குப் பிறகு எந்தக் கிழவியும் பழைய சங்கதியைத் தேதி வாரியாக எடுத்து வைக்கமாட்டாள். மறக்கத் தெரியாத பதிவேடு, நம்மைத் தெரியாதவர் கையில் இருக்கும்போதுதான் விவகாரமே ஆரம்பமாகிறது.

*

1858-ம் வருஷம். வங்காளத்தில் ஜங்கிப்பூர் என்ற இடத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கில அதிகாரி, சாலைக்குச் சல்லி கொடுக்க ஒப்புக்கொண்ட ராஜ்யதர் கோனாய் என்பவரிடம் ஒப்பந்தம் எழுதி வாங்கினார். கையெழுத்து மட்டும் போதாது என்று தோன்றியது. அவருடைய உள்ளங்கை முழுவதிலும் மை தடவிக் காகிதத்தின்மேல் அழுத்தச் சொன்னார். பிற்பாடு, "இது என் கையெழுத்தல்ல" என்று அவர் மறுத்துவிடக் கூடாது என்பதே நோக்கம்.

கைரேகையின் சரித்திரம் இவ்விதம் ஒரு சந்தேகத்தில் பிறந்தது. 1897-ல் கல்கத்தாவில் ரேகைகளைச் சேகரித்து வகைப்படுத்தும் காரியாலயம் ஏற்பட்டது. ரேகைகளை வகைப்படுத்தும் முறைக்கு அதிகாரி ஹென்றியின் பெயர் நிலைத்துவிட்டது. உண்மையில் கணக்குப் போட்டு உழைத்தவர்கள் அஸிஸுல் ஹக், ஹேமசந்திர போஸ் என்ற இரண்டு இந்தியர்கள்.

குற்றவாளியின் ரேகையை எடுப்பதில் தவறில்லை என்று நாம் சொல்லலாம். ஆனால் சர்க்கார் அத்துடன் நிற்கவில்லை. வடநாட்டில் 1871-ல் பிறந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-ல் திருத்தி எழுதப்பட்டபோது சென்னை மாகாணத்துக்கும் வந்து சேர்ந்தது. ஒருவன் குற்றம் செய்தானா என்ற கேள்வியே அதில் இல்லை. இன்ன ஜாதியில் பிறந்தான் என்றால் போதும்; பெயரைப் பதிய வேண்டும், பத்து விரல் ரேகையும் கொடுக்க வேண்டும். இரவில் போலீஸார் சொன்ன இடத்தில் ஆஜராகிப் படுக்க வேண்டும். வெளியூர் போவதானால் ராதாரிச் சீட்டு வேண்டும். மதுரைப் பக்கத்து ஜனங்கள் இதை ரேகைச் சட்டம் என்றே அழைத்தார்கள். விரலைக் கொடுத்தால் ஆளையே கொடுத்ததாகும் என்பதை அவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள்.

உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் பிறமலைக் கள்ளர் சமூகத்தார் ரேகை கொடுக்க மறுத்தார்கள். 1920-ம் வருஷம் ஏப்ரல் 3-ம் தேதி போலீஸ் படை ஊருக்கு வந்தது. ஜனங்கள் பணியவில்லை. துப்பாக்கிகள் வெடித்தன. மாயக்காள் என்ற ஒரு பெண்மணி உட்படப் பலர் மாண்டார்கள். அடிபட்டு விழுந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனவள் மாயக்காள் என்பார்கள். பிழைத்தவர்களுக்காக வழக்காட முன்வந்தவர், அந்தப் பக்கத்து ஜனங்கள் 'ரோசாப்பூ துரை' என்று அன்புடன் அழைத்த பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப்.

சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947-ல்தான் ஒழிந்தது. தேசம் முழுவதும் ஒழிய 1952 ஆயிற்று.

மருந்துக் கடைப் பெரியவரின் கேள்வியை இந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். பெருங்காமநல்லூர்க்காரர்களிடம் ஒளிக்க என்ன இருந்தது? ஒன்றுமே இல்லை. "நான் ஒரு குற்றமும் செய்யாதபோது என் விரல் உனக்கு எதற்கு?" என்பதே அவர்கள் கேட்டது. ஒளிப்பது வேறு, கொடுக்க மறுப்பது வேறு.

*

இந்த வித்தியாசத்தை நம் கோர்ட்டுகள் ஒப்புக்கொள்ள வெகு காலம் பிடித்தது. சாட்சியம் இல்லையென்று விடுவிக்கப்பட்ட கரக் சிங் என்ற உத்தரப் பிரதேசத்துக்காரரைப் போலீஸார் விடாமல் கண்காணித்து, நள்ளிரவிலும் கதவைத் தட்டினார்கள். 1962-ல் சுப்ரீம் கோர்ட் அந்தக் கதவு தட்டலைச் செல்லாது என்றது. ஆனால் அந்தரங்கம் என்பது அரசியல் சாசனம் அளித்த உரிமையல்ல என்று பெரும்பான்மை நீதிபதிகள் கூறிவிட்டார்கள். சுப்பா ராவும் ஷாவும் மட்டும் அதை ஏற்கவில்லை.

1994-ல் நம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்று வந்தது. தூக்குத் தண்டனை பெற்ற ஆட்டோ சங்கரின் சுயசரிதையை 'நக்கீரன்' வெளியிட முற்பட்டபோது சிறை அதிகாரிகள் தடுக்கப் பார்த்தார்கள். சுப்ரீம் கோர்ட், அதிகாரிகள் முன்கூட்டித் தடுக்க முடியாது என்று பத்திரிகையின் பக்கம் நின்றது. அதே தீர்ப்பில், தன்னைத் தன்பாட்டில் விட்டுவிடும்படி கேட்க ஒவ்வொரு பிரஜைக்கும் உரிமை உண்டு என்றும் சொல்லிற்று. கடைசியாக, கர்நாடக ஹைகோர்ட்டில் நீதிபதியாயிருந்து ஓய்வு பெற்ற புட்டசாமி, ஆதார் விஷயமாகத் தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்ட் 24-ம் தேதி ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்றார்கள்.

ஆதார் 2010-ல் வந்தது. இம்முறை போலீஸ் படை வரவில்லை. பள்ளிக்கூடத்தில் மேஜை போட்டு, நாற்காலியில் உட்காரச் சொல்லி, பத்து விரலையும் கண்ணையும் கேட்டார்கள். நாமும் வரிசையில் நின்று கொடுத்தோம். நானும் கொடுத்தேன்; அடையாளமே இல்லாத ஏழைக்கு ஓர் அடையாளம் கிடைப்பது நல்லதுதான் என்று நினைத்தேன். இன்றும் அது முழுத் தவறென்று சொல்லமாட்டேன். ஆனால் 2018 ஜனவரியில், 500 ரூபாய் கொடுத்தால் ஆதார் விவரங்களைப் பார்க்க வழி கிடைக்கிறது என்று 'ட்ரிப்யூன்' பத்திரிகை எழுதிற்று. ஆதார் ஆணையம் கசிவு ஏதும் இல்லை என்று மறுத்தது; செய்தி எழுதிய நிருபரின் பெயரோ போலீஸ் புகாரில் ஏறிற்று.

விவரம் வெளியே போவது ஒரு கஷ்டம். விவரம் நம்மையே மறுப்பது இன்னொரு கஷ்டம். பக்கத்துக் கிராமம் ஒன்றில் ரேஷன் கடை முன்னால் ஒரு கிழவரைப் பார்த்தேன். வாலிபத்தில் பனையேறியவர். பனையின் கருக்கும் நாரும் பட்டுப் பட்டு விரல்கள் மரத்துப்போயிருந்தன. கட்டைவிரலை வேட்டியில் துடைத்துத் துடைத்து மெஷினில் வைத்தார், மெஷின் ஒப்பவில்லை.

"எடை போடுற தம்பிக்கு என்னத் தெரியும், தம்பிக்க அப்பாவுக்கும் என்னத் தெரியும். இந்த மெசினுக்குத்தான் தெரியலை" என்று சிரித்தார். பிறகு பேத்தியை அழைத்துவரத் திரும்பி நடந்தார். அவள் விரல் வைத்த பிறகுதான் அரிசி கிடைத்தது. உழைத்துத் தேய்ந்த விரல் அவர் யார் என்பதை ஊருக்குச் சொல்லிற்று, பதிவேட்டுக்குச் சொல்லவில்லை.

*

2023-ல் சொந்த விவரங்களைப் பாதுகாக்க ஒரு சட்டம் வந்தது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியமான ஷரத்துக்களுக்கு 18 மாத அவகாசம் கொடுத்தார்கள். எதற்காகக் கேட்கிறோம் என்று சொல்லித்தான் விவரம் வாங்க வேண்டும் என்பதும், பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்பதும் அதில் உண்டு. சர்க்கார் மட்டும் தனக்கு விலக்கு அளித்துக்கொள்ள வாசல் வைத்திருக்கிறது. சட்டம் நல்லதுதான். ஆனால் "எதற்கு?" என்று கேட்க வாய் எழாத ஜனங்களுக்கு எந்தச் சட்டம் என்ன செய்யும்?

மருந்துக் கடையில் நான் என்ன செய்தேன் என்று இன்னும் சொல்லவில்லை. நம்பரைச் சொல்லிவிட்டேன். சட்டம் தெரியாமல் அல்ல. வரிசையில் நின்றவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள், அதனால்தான். துப்பாக்கிக்கு முன்னால் விரலை மடக்கிக்கொண்டவர்கள் வாழ்ந்த நாட்டில், நாலு பேர் பார்வைக்கு முன்னால் எனக்கு நா மடங்கவில்லை.

ஊருக்குப் புறப்படும் நாளன்று மறுபடியும் அதே கடைக்குப் போனேன். பையன் கேட்டான். "நம்பர் கொடுக்க இஷ்டமில்லை, தம்பி" என்றேன். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. பத்து சைபரைத் தட்டினான். கம்ப்யூட்டர் ஒரு வார்த்தை பேசாமல் பில்லைக் கொடுத்தது.

என் பின்னால் நின்ற பெண் அதைக் கவனித்துக்கொண்டிருந்தாள். அவள் முறை வந்ததும், "எனக்கும் அப்படியே போட்டுருங்க" என்றாள்.