பாத்திரம் மறைந்த பின் எஞ்சும் அளவை

பண்டைய நூல்களில் வரும் அளவைப் பெயர்களை நாம் பெரும்பாலும் கருத்தூன்றாமல் கடந்து விடுகிறோம். ஆனால் மார்க்கக் கடமைகள் அளவைகளைச் சார்ந்திருக்கும் சமுதாயத்தால் அவ்வாறு கடந்து செல்ல இயலாது. யூதர்களுக்குத் திராட்சை ரசக் கோப்பையின் அளவும், தூய்மைக் குளத்தின் நீரளவும் சமய விதிகளாகும். நமக்கோ உளூவின் நீர், குல்லத்தைன், சதக்கத்துல் ஃபித்ர் ஆகியன. இவ்விரு சமுதாயத்தாரும் தத்தம் அளவைகளை இன்றைய லிட்டருக்கும் கிராமுக்கும் மாற்ற முயன்ற வரலாறு ஒரே புள்ளியில் சந்திப்பதை ஈண்டு ஆராய்வோம்.

எபிரேயரின் நீர்ம அளவைகளுக்கிடையேயான விகிதங்களில் குழப்பமில்லை. ஒரு 'கோர்' பத்து 'பத்'. ஒரு 'பத்' ஆறு 'ஹின்'. ஒரு 'ஹின்' பன்னிரண்டு 'லோக்'. ஆகவே ஒரு பத் என்பது 72 லோக். லோக்கில் நான்கில் ஒன்று 'ரெவிஇத்'. யூத அறிஞர் மரபில் ஒரு லோக் என்பது ஆறு கோழி முட்டைகளின் கொள்ளளவு. ஏணியின் படிகள் எல்லாம் தெளிவாகவே உள்ளன; ஏணி எந்தத் தரையில் நிற்கிறது என்பதே வினா.

கி.பி. முதல் நூற்றாண்டின் வரலாற்றாசிரியர் ஜோசிபஸ், ஒரு பத் 72 'செஸ்தெஸ்' என்கிறார். ரோமரின் அந்த அளவை சற்றேறக்குறைய 0.546 லிட்டர், எனவே பத் 39 லிட்டராகிறது. ஆனால் பாலஸ்தீன அகழாய்வுகளில் 'பத்' என்று பொறிக்கப்பட்ட சாடித் துண்டுகள் கிடைத்தன. அவற்றைக் கொண்டு தொல்லியலாளர் ஆல்பிரைட் மதிப்பிட்ட அளவு ஏறத்தாழ 22 லிட்டர் மட்டுமே. எனினும் சாடிகள் முழுமையாகக் கிடைக்காததால் அதுவும் அனுமானமே.

சுலைமான் (அலை) அவர்களின் ஆலயத்தில் இருந்ததாக யூத வேதநூல் கூறும் வெண்கலத் தொட்டியை வைத்து இவ்விரு மதிப்புகளையும் சோதிக்கலாம். அதன் குறுக்களவு 10 முழம். உயரம் 5 முழம். அரசர்கள் நூல் அதன் கொள்ளளவை 2,000 பத் என்கிறது. நாளாகம நூலோ 3,000 என்கிறது. முழத்தை 44.5 செ.மீ. எனவும், தொட்டியை நேரான உருளை எனவும் கொண்டால் ஏறத்தாழ 34,600 லிட்டர் வரும். 52 செ.மீ. கொண்ட எகிப்திய அரச முழத்தால் கணக்கிட்டாலும் 55,000 லிட்டரே. ஜோசிபஸின் கணக்குப்படி 2,000 பத்துக்கு 78,000 லிட்டர் தேவை. அது இத்தொட்டியில் அடங்காது. 22 லிட்டர்க் கணக்கில் 44,000 லிட்டர் வருகிறது. இது இரு எல்லைகளுக்கும் இடையில் அமைகிறது.

முட்டையைக் கொண்டு அளந்தவர்களும் ஒன்றுபடவில்லை. 18ஆம் நூற்றாண்டில் பிராக் நகரத்து யூத அறிஞர் எஹெஸ்கேல் லாந்தாவ், கட்டை விரல் அளவோடு முட்டையளவை ஒப்பிட்டார். இரண்டும் பொருந்தாமை கண்டு, முன்னோர் காலத்தை விட முட்டைகள் பாதியாகச் சிறுத்துவிட்டன என்று தீர்மானித்தார். அவ்வழியில் சென்று ரெவிஇத்தை 150 மில்லிலிட்டர் எனக் கொண்டோரும் உண்டு. இதன்படி 40 'ஸெஆ' கொண்ட தூய்மைக் குளம் 576 லிட்டராகிறது.

இந்தச் சிக்கலில் வழிகாட்டியாக நின்றது இஸ்லாமிய உலகின் திர்ஹம் என்பது நம் கவனத்துக்குரியது. மூஸா இப்னு மைமூன் (இறப்பு 1204) எகிப்தில் வாழ்ந்த யூதப் பேரறிஞர். அவர் தமது மிஷ்னா விரிவுரையை எபிரேய எழுத்தில் அரபு மொழியிலேயே இயற்றினார். தாமே நுட்பமாக ஒரு பாத்திரம் செய்து, ரெவிஇத் அளவு நீர் எகிப்திய திர்ஹமில் ஏறத்தாழ 27 எடை என்று அதில் பதிவு செய்தார். 20ஆம் நூற்றாண்டில் ஜெரூசலத்தின் ஆபிரகாம் ஹாயிம் நாயே, உதுமானியர் கால திர்ஹமை 3.2 கிராம் எனக் கொண்டு ரெவிஇத்தை 86.4 மில்லிலிட்டர் என்றார். ஆனால் இப்னு மைமூன் காலத்துத் திர்ஹம் அதனினும் இலேசானது எனக் கண்ட பின்வந்த ஆய்வாளர்கள் 76 மில்லிலிட்டர் அளவுக்கு இறங்கினர். அதன்படி லோக் 304 மில்லிலிட்டர், பத் 21.9 லிட்டர். சாடித் துண்டுகள் தந்த மதிப்பும் இதுவே! இது இறுதிச் சான்றாகாது. ஆயினும் தனித்தனி வழிகளில் வந்த இரு கணக்குகள் ஒத்துப்போவது புறக்கணிக்கத் தக்கதன்று.

இப்போது நமது 'ஸாஉ' அளவைக்கு வருவோம். ஒரு ஸாஉ நான்கு 'முத்து' என்பதில் கருத்து வேற்றுமை இல்லை. அது எத்தனை ரத்தல் என்பதில்தான் இமாம்கள் வேறுபட்டனர். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) எட்டு ரத்தல் என்றார்கள். அவர்களுடைய மாணவர் இமாம் அபூயூசுஃப் (ரஹ்) மதீனா வந்தபோது, நகரத்தார் தத்தம் தந்தை பாட்டனார் வழிவந்த ஸாஉப் பாத்திரங்களைக் கொணர்ந்து காட்டினர். அளந்து பார்த்து, ஐந்தே மூன்றிலொரு ரத்தல் எனக் கண்டு, அவர்கள் தமது முந்திய கருத்தை விட்டார்கள். வாதம் முடிக்காததைப் பாத்திரம் முடித்து வைத்தது. மொரோக்கோவில் 14ஆம் நூற்றாண்டு மரீனிய மன்னர் செய்வித்த முத்துப் பாத்திரத்தில், ஸைத் இப்னு தாபித் (ரலி) வரை செல்லும் அறிவிப்பாளர் தொடரே பொறிக்கப்பட்டது. ஹதீஸுக்கு இருப்பது போன்று அளவைக்கும் ஓர் இஸ்னாத்!

ஆயினும் பாத்திரத்தை எடையாக மாற்றும்போது நாமும் அதே திர்ஹமிடம் வந்து நிற்கிறோம். இமாம் நவவி (ரஹ்) அவர்களின் கணக்கில் பக்தாத் ரத்தல் 128 4/7 திர்ஹம். ஸாஉ 685 5/7 திர்ஹம். அப்துல் மலிக் காலத்துத் தீனார் 4.25 கிராம், அதன் பத்தில் ஏழு பங்கான திர்ஹம் 2.975 கிராம். இதன்படி ஸாஉ 2,040 கிராம். உதுமானிய திர்ஹம் 3.207 கிராம் எனக் கொண்டாலோ 2,199 கிராம். ஒரு தலைக்கு 159 கிராம் வேறுபாடு. ஓர் ஊரின் ஃபித்ராவைக் கூட்டினால் ஏழைகளுக்குச் சேர வேண்டிய மூட்டைகள் பல.

மேலும் ஸாஉ அடிப்படையில் முகத்தலளவை. கோதுமைக்கும் அரிசிக்கும் பேரீச்சம்பழத்துக்கும் ஒரே எடை பொருந்தாது. எனவே ஃபித்ராவுக்குக் கிலோக் கணக்கை அறிவிப்போர், எந்த ரத்தல், எந்த திர்ஹம், எந்தத் தானியம் என்பதையும் உடன் குறிப்பிடுதல் நலம். ஐயம் எழுமிடத்தில் கூட்டி அளப்பதே பேணுதல். கூடுதலாகச் சென்ற ஒரு பிடி தானியம் ஏழைக்கு உணவாகும். குறைந்த ஒரு பிடியோ நம் மீது கடனாக நிற்கும்.