வக்கீலும் கட்சிக்காரரும்: ஆந்திர வாக்காளர் கண்ட பதினேழு ஆண்டுகள்

வக்கீல் என்னும் சொல் அரபியிலிருந்து நம் தமிழுக்கு வந்தது என்பதை வாசகர்கள் அறிவர். ஒருவர் தம் காரியத்தை மற்றொருவர் பொறுப்பில் விடுவாரானால், பொறுப்பை ஏற்றவர் வகீல். பொறுப்பை அளித்தவர் முவக்கில். ஃபிக்ஹு நூல்களில் இதற்கெனத் தனிப் பாடமே உண்டு. அப்பாடத்தில் மாணவர் மனத்தில் முதலில் பதிய வைக்கப்படும் செய்திகள் இரண்டு. முவக்கில் பொதுவாகத் தாம் விரும்பிய பொழுதில் வகீலை விலக்கிவிடலாம் என்பது ஒன்று. வகீல் தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட காரியத்தை, முவக்கிலின் இசைவின்றி மூன்றாமவர் கையில் கொடுத்தல் கூடாது என்பது மற்றொன்று.

தமிழில் இச்சொல் நீதிமன்ற வாசலோடு நின்றுவிட்டது. ஆயினும் தமிழ் செய்திருக்கும் வேடிக்கை ஒன்றுண்டு. வக்கீலிடம் வழக்கை ஒப்படைத்தவரை நாம் 'கட்சிக்காரர்' என்கிறோம். அரசியல் கட்சியைச் சேர்ந்தவரையும் 'கட்சிக்காரர்' என்றே அழைக்கிறோம். சட்டமன்ற உறுப்பினரை மக்களின் வக்கீல் என்று கொண்டால், அவருடைய கட்சிக்காரர் யார்? வாக்களித்தவரா? அவரைத் தேர்தலில் நிறுத்திய கட்சியின் தலைவரா? இக்கேள்வி நம் அண்டை மாநிலமாகிய ஆந்திரப் பிரதேசத்தில், தெலங்கானா பிரியாதிருந்த அந்நாட்களில், 1978-க்கும் 1995-க்கும் இடையே ஆட்சிகளைக் கவிழ்த்தது. அவ்வரலாறே இங்கு நம் பொருள்.

1977-ஆம் ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலில் வட இந்தியா முழுவதும் காங்கிரசைக் கைவிட்டபொழுது ஆந்திரம் கைவிடவில்லை. அங்கிருந்த 42 தொகுதிகளில் 41-ஐக் காங்கிரசுக்கு அளித்தது. மறு ஆண்டு, கட்சி பிளவுபட்டு இந்திரா காந்தி அம்மையார் தனித்து நின்ற காலையிலும், சட்டமன்றத்தின் 294 இடங்களில் 175 அவருடைய கட்சிக்கே கிடைத்தன. தோல்வியின் அடியாழத்தில் இருந்த தலைவர் ஒருவரைத் தாங்கிப் பிடித்த மாநிலம் அது. அந்த நன்றிக்கடன் எவ்வாறு தீர்க்கப்பட்டது என்பதைக் காண்போம்.

1978 மார்ச்சு மாதம் மர்ரி சென்னா ரெட்டி முதலமைச்சரானார். 1980 அக்டோபரில் அவர் விலக, அஞ்சய்யா வந்தார். 1982 பிப்ரவரியில் அஞ்சய்யா விலக, பவனம் வெங்கட்ராம் வந்தார். அவ்வாண்டு செப்டம்பரிலேயே அவரும் விலக, கோட்ல விஜயபாஸ்கர ரெட்டி வந்தார். ஐந்தாண்டுக் காலத்தில் நால்வர். இவர்களுள் பின்வந்த மூவரையும் உற்று நோக்க வேண்டும். அஞ்சய்யா தில்லியில் மத்திய அமைச்சராக இருந்தவர். வெங்கட்ராம் சட்ட மேலவையின் உறுப்பினர். விஜயபாஸ்கர ரெட்டி நாடாளுமன்ற உறுப்பினர். ஆந்திர மக்கள் 1978-இல் வாக்களித்து அமைத்த பேரவையில் இம்மூவரில் ஒருவர்கூடப் பதவியேற்ற நாளில் உறுப்பினராக இல்லை. சட்டம் இதற்கு இடம் தருகிறது. ஆறு மாதத்திற்குள் ஏதேனும் ஓர் அவையில் உறுப்பினரானால் போதும். ஆகவே சட்டக் குறை என்று ஒன்றும் சொல்வதற்கில்லை.

இம்மாற்றங்கள் நடந்த முறையும் சட்டத்திற்குப் புறம்பானதன்று. சட்டமன்றக் கட்சி கூடும். தில்லியிலிருந்து பார்வையாளர் வருவார். தலைவரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைக் கட்சித் தலைமைக்கே விட்டுவிடுகிறோம் என்று ஒருவரித் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறும். பிறகு பெயர் வரும். அரசியல் சாசனத்தின் 164-ஆம் விதி, அமைச்சரவை சட்டப் பேரவைக்குக் கூட்டாகப் பொறுப்புடையது என்கிறது. ஆனால் பேரவை உறுப்பினர்கள் அப்பொறுப்பை முன்னரே மடித்துத் தில்லிக்கு அனுப்பிவிட்டார்கள். வகீல், முவக்கிலைக் கேளாமல் மூன்றாமவரிடம் காரியத்தை ஒப்படைத்ததற்கு இதனினும் தெளிவான உதாரணம் நமக்குக் கிட்டவில்லை.

அஞ்சய்யாவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஹைதராபாத் ஆல்வின் தொழிற்சாலையில் கூலித் தொழிலாளியாகத் தொடங்கித் தொழிற்சங்கத் தலைவராக உயர்ந்த மனிதர் அவர். அறுபதுக்கு மேற்பட்டவர்களை அமைச்சராக்கினார் என்று நாடே அவரை நகைத்தது. நகைப்பில் நியாயம் உண்டு. எனினும் அவர் நிலையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். மனக்குறை கொண்ட ஒவ்வொரு உறுப்பினரும் தில்லிக்கு விமானம் ஏறிக்கொண்டிருந்தார். முதல்வர் பதவி தில்லியின் செவியைப் பொறுத்திருந்தபடியால், அச்செவியை எட்டக்கூடிய வாய்கள் அனைத்தையும் அடைக்க வேண்டியவரானார். தில்லி குறைக்கச் சொல்லியதும் குறைத்தார்.

1982 பிப்ரவரியில் ராஜீவ் காந்தி ஹைதராபாத் வந்தார். அப்பொழுது அவர் அரசுப் பதவி எதுவுமில்லாத நாடாளுமன்ற உறுப்பினர். பேகம்பேட்டை விமான நிலையத்தில் அஞ்சய்யா தொண்டர் கூட்டத்தோடும் மாலைகளோடும் ஆரவாரமாக வரவேற்பு ஏற்பாடு செய்திருந்தார். ராஜீவ் சினமுற்று, பலர் காண முதலமைச்சரைக் கடிந்துகொண்டார். விமான நிலையத்தில் அத்தகைய கூத்து தகாது என்று அவர் கருதியது தவறன்று. ஆயினும் தெலுங்கு நாட்டார் கண்ணில் பட்டது வேறு. தம் மாநிலத்தின் முதலமைச்சர் தலைகுனிந்து நிற்பதையே அவர்கள் கண்டார்கள். அம்மாதம் முடிவதற்குள் அஞ்சய்யா பதவியையும் இழந்தார். அதற்கு இதுவே காரணம் என்று கூறுவதற்கில்லை. மக்கள் மனத்திலோ இரண்டும் ஒன்றாகிவிட்டன.

அடுத்த மாதமே, 1982 மார்ச்சு 29-ஆம் நாள், நடிகர் என்.டி. ராமராவ் தெலுங்கு தேசம் என்னும் கட்சியைத் தொடங்கினார். சென்னையில் நெடுங்காலம் வாழ்ந்து, ராமனாகவும் கிருஷ்ணனாகவும் திரையில் தோன்றி வீடுதோறும் அறிமுகமானவர். பழைய செவர்லே வண்டி ஒன்றைச் செப்பனிட்டு, அதன் கூரைமேல் நின்று ஊர் ஊராகப் பேசினார். தெலுங்கர் தன்மானம் என்பதே அவர் பேச்சின் பல்லவி. கிலோ இரண்டு ரூபாய்க்கு அரிசி தருவதாகவும் வாக்களித்தார். சினிமா மோகத்தால் மக்கள் மயங்கினர் என்று அன்று எழுதியவர் பலர். இன்றும் அவ்வாறு கூறுவோர் உண்டு. நாம் அதனை ஒப்புவதற்கில்லை. அவர் திரையில் தோன்றத் தொடங்கியது 1949-இல். மோகமே காரணமாயின் அது முன்னரே வேலை செய்திருக்க வேண்டும். பேகம்பேட்டையும் நான்கு முதல்வர்களும் இல்லாதிருப்பின் அந்த வண்டியைச் சுற்றி அத்தனை கூட்டம் கூடியிராது என்பதே நம் எண்ணம். 1983 ஜனவரித் தேர்தலில், பிறந்து பத்து மாதமும் நிறையாத கட்சி இருநூறுக்கு மேற்பட்ட இடங்களைப் பிடித்தது. காங்கிரஸ் 60-இல் நின்றது.

பின்னர் நிகழ்ந்தது 1984-ஆம் ஆண்டுக் கதை. இருதய சிகிச்சைக்காக அமெரிக்கா சென்ற ராமராவ் ஆகஸ்டு மாதம் நடுவில் திரும்பினார். ஆகஸ்டு 16-ஆம் நாள் ஆளுநர் ராம்லால் அவரைப் பதவிநீக்கம் செய்து, அவருடைய நிதியமைச்சர் நாதெண்ட்ல பாஸ்கர ராவை முதல்வராக்கினார். பெரும்பான்மையோர் தம் பக்கமே உள்ளனர் என்று ராமராவ் உறுப்பினர்களை அழைத்துச் சென்று நிறுத்தியும் ஆளுநர் செவிசாய்க்கவில்லை. பேரவையைக் கூட்டி எண்ணிப் பார்த்திருக்கலாம், எண்ணவில்லை. பாஸ்கர ராவுக்கு ஒரு மாதத் தவணை மட்டும் கொடுக்கப்பட்டது. தவணை எதற்கென்று எல்லோருக்கும் தெரிந்தேயிருந்தது.

அப்பொழுது நாம் வட ஆர்க்காடு மாவட்டத்து மதரஸா ஒன்றில் ஓதிக்கொண்டிருந்த சிறுபிள்ளை. உடன் ஓதிய மாணவர் ஒருவர் கடப்பையைச் சேர்ந்தவர். அவருடைய வாப்பா சிறு வணிகர். மகனைக் காண வந்தவர், அஸருக்குப்பின் மதரஸாத் திண்ணையில் அமர்ந்து உஸ்தாதுடன் பேசிக்கொண்டிருந்தார். தாம் வெயிலில் வரிசையில் நின்று போட்ட வாக்கு கடப்பையில் எண்ணப்பட்டது என்று நம்பியிருந்ததாகவும், அது இன்னும் எங்கோ எண்ணப்பட்டுக்கொண்டே இருக்கிறதென்று இப்பொழுதுதான் தெரிகிறதென்றும் அவர் சொன்னார். தாம் ராமராவுக்கு வாக்களித்தவர் அல்லர் என்றும் சேர்த்துச் சொன்னார். அச்சொல்லின் கனம் அன்று நமக்கு விளங்கவில்லை. தோற்ற கட்சிக்கு வாக்களித்தவருக்கும் அக்களவு தம்முடைய பொருளாகவே பட்டிருக்கிறது.

ராமராவ் சக்கர நாற்காலியில் தில்லி சென்று, 160-க்கு மேற்பட்ட உறுப்பினர்களைக் குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் முன் நிறுத்தினார். எதிர்க்கட்சிகள் ஒன்றாயின. மாதம் முடிவதற்குள் ராம்லால் விலகினார். சங்கர் தயாள் சர்மா ஆளுநராக வந்தார். ஹைதராபாத் நகரில் வகுப்புக் கலவரம் மூண்டு அப்பாவி உயிர்கள் மாண்டதும் இக்கொந்தளிப்பின் இடையில்தான். செப்டம்பர் 16-ஆம் நாள் ராமராவ் மீண்டும் முதல்வரானார். டிசம்பரில், இந்திரா அம்மையார் கொலையுண்ட துயரில் நாடு முழுவதும் காங்கிரசுக்கு வாக்குகளைக் கொட்டியபொழுது, ஆந்திரம் 42 இடங்களில் 30-ஐத் தெலுங்கு தேசத்துக்கு அளித்தது. 1985 மார்ச்சில் நடந்த சட்டமன்றத் தேர்தலிலும் அக்கட்சி 202 இடங்களைப் பெற்றது.

இவ்வெற்றியைப் பாடுவோர் அதன் நடுவில் நிகழ்ந்த ஒன்றைக் கூறாது விடுவர். அந்த ஒரு மாதக் காலம் ராமராவின் உறுப்பினர்கள் எங்கிருந்தனர்? முதலில் ஹைதராபாத்தில் அவருடைய படப்பிடிப்பு நிலையத்தில். பின்னர் ராமகிருஷ்ண ஹெக்டே ஆண்ட கர்நாடகத்தில், விடுதிகளில். விலைபேச வருவோரிடமிருந்து காப்பதற்கே அவ்வாறு செய்தனர். அதனைக் குற்றம் என்று நாம் சொல்லோம். ஆனால் வகீல்களை முவக்கில்களின் கண்ணுக்கு எட்டாத இடத்தில் பூட்டிவைத்துத்தான் மக்களாட்சியைக் காக்க வேண்டியிருந்தது. பேருந்தில் ஏற்றி அடுத்த மாநில விடுதிக்குக் கொண்டுசெல்லும் அவ்வழக்கம் பின்னர் நாடெங்கும் பரவியது. 2017-ஆம் ஆண்டு கூவத்தூர் விடுதியை நாமும் கண்டோம்.

விலைபோகும் உறுப்பினர்களைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்ற குரல் 1967 முதலே இருந்தது. ஆந்திர நிகழ்ச்சி ஒன்றே காரணம் அன்று. ஆயினும் அதன் சூடு ஆறுமுன்பே, 1985 ஜனவரியில், ராஜீவ் அரசு 52-ஆவது திருத்தத்தைக் கொண்டுவந்தது. கட்சித் தாவல் தடைச் சட்டம் என்று நாம் அறிவது இதுவே. கட்சியை விட்டு விலகினாலும், கட்சிக் கொறடாவின் கட்டளைக்கு மாறாக அவையில் வாக்களித்தாலும் பதவி போகும். தீர்ப்பளிப்பவர் பேரவைத் தலைவர். நாடாளுமன்றத்தில் எதிர்ப்பே இன்றி நிறைவேறிற்று.

நாமும் அந்நாளில் அதனை வரவேற்றவர்கள் வழியில் வந்தவர்களே. இன்று படித்துப் பார்க்கையில் ஒன்று உறுத்துகிறது. அச்சட்டத்தில் வாக்காளர் எங்கே? உறுப்பினர் தம் தொகுதி மக்களுக்குத் துரோகம் செய்தால் அச்சட்டம் அவரைத் தீண்டாது. தொகுதி மக்கள் நலன் கருதியே கொறடாவை மீறினாலும் தண்டிக்கும். முவக்கில் இன்னார் என்று சட்டமே எழுதிவைத்துவிட்டது. அவர் கட்சித் தலைவர். 2003-இல் வந்த 91-ஆவது திருத்தம், மூன்றில் ஒரு பங்கினர் பிரிந்தால் குற்றமில்லை என்றிருந்த வழியை அடைத்தது. அமைச்சர் எண்ணிக்கைக்கும் பேரவையில் நூற்றுக்குப் பதினைந்து என்று பொதுவாக எல்லை கட்டியது. அஞ்சய்யாவைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு இருபது ஆண்டு கழித்துக் கிடைத்த பதில் அது. பெரும்பான்மையை ஆளுநர் மாளிகையில் அன்று, பேரவையிலேயே எண்ண வேண்டும் என்று 1994-இல் பொம்மை வழக்கில் உச்சநீதிமன்றம் உரைத்தது. 1984-இல் அது இருந்திருக்குமாயின் கடப்பை வணிகரின் வருத்தத்தில் பாதி குறைந்திருக்கும்.

தன்மானத்தின் பெயரால் வந்த ராமராவ் எப்படி ஆண்டார்? தில்லியின் தலைமை போய் ஹைதராபாத்தில் ஒரு தலைமை வந்தது. 1989 பிப்ரவரியில், வரவு செலவுத் திட்டச் செய்தி முன்கூட்டிக் கசிந்தது என்று கூறி, அமைச்சரவை முழுவதையும் ஒரேயடியாக நீக்கினார். எந்த அமைச்சர் கசியவிட்டார், எவர் குற்றமற்றவர் என்ற கேள்விக்கே இடமில்லை. அவ்வாண்டு இறுதியில் நடந்த தேர்தலில் அவர் கட்சி 74 இடங்களுக்குத் தாழ்ந்தது. கல்வகுர்த்தியில் அவரே தோற்றார். இந்துப்பூர்தான் அவரைக் காத்தது.

மீண்டும் காங்கிரஸ், மீண்டும் சென்னா ரெட்டி. 1990 டிசம்பரில் ஹைதராபாத்தில் பெருங்கலவரம் மூள, அவர் விலகினார். ஜனார்த்தன ரெட்டி வந்தார். 1992-இல் அவர் விலக, விஜயபாஸ்கர ரெட்டி மறுமுறை வந்தார். பழைய பார்வையாளர்கள், பழைய ஒருவரித் தீர்மானம். ஐந்தாண்டில் மூவர் என்பது ஒன்றே முன்னேற்றம். 1994 டிசம்பரில் மக்கள் காங்கிரசுக்கு அளித்த இடங்கள் 26. தெலுங்கு தேசத்துக்கு 216.

ஒன்பது மாதம் கழிந்தது. 1995 ஆகஸ்டில் ராமராவின் மருமகன் சந்திரபாபு நாயுடு உறுப்பினர்களில் பெரும்பாலோரைத் தம் பக்கம் திரட்டிக்கொண்டார். ராமராவின் துணைவியார் ஆட்சியில் தலையிடுகிறார் என்பது அவர்கள் சொன்ன காரணம். இம்முறையும் உறுப்பினர்கள் விடுதியில் வைக்கப்பட்டனர். ஹைதராபாத்திலேயே ஒரு விடுதி போதுமாக இருந்தது. தாவல் தடைச் சட்டம் ஒன்றும் செய்ய இயலவில்லை, பெரும்பான்மையோரே கட்சியாகிவிட்டபடியால். செப்டம்பர் முதல் நாள் நாயுடு முதல்வரானார். 1996 ஜனவரி 18-ஆம் நாள் ராமராவ் காலமானார். வாக்காளர்க்கு அடுத்த முறை கேள்வி வந்தது 1999-இல். அப்பொழுது அவர்கள் நாயுடுவுக்கே வாக்களித்தார்கள்.