அம்வாஸ் முதல் பேராம்பிரா வரை: கொள்ளைநோயும் அதைத் தொட்டுப் பேணியோரும்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாகக் கல்வராயன் மலையேறும் சாலை வெள்ளிமலையைச் சென்றடைகிறது. 1976 வரை மூன்று ஜாகிர்களாக இருந்த மலை இது. சமவெளி மக்கள் இத்தகைய மலைகளை நினைக்கும்போதெல்லாம் ஓர் அச்சமும் உடன்வந்தது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் மலைக்காய்ச்சல். கொசுவும் மலேரியா ஒட்டுண்ணியும் அறியப்படாத காலத்தில், நோய்க்கு இடத்தின் பெயரையே சூட்டிவிடுவது எளிதாக இருந்தது. நம் நாளேடுகள் இன்று கையாளும் ‘மர்மக் காய்ச்சல்’ என்னும் சொல்லும் அதன் தங்கைதான். பரிசோதனை முடிவு வந்து, நோய்க்கு உரிய பெயர் கிடைத்ததும் அச்சொல் மறைந்துவிடும். ஆனால் அது வழங்கும் அந்தச் சில நாட்களில்தான் நோயாளியின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பவரும், வாந்தியைத் துடைப்பவரும், வாயில் கஞ்சி ஊட்டுபவரும் மிகப் பெரும் ஆபத்தில் நிற்கிறார்கள். கொள்ளைநோய்களின் வரலாற்றில் அதிகம் எழுதப்படாத பகுதி இது.

மலை எல்லாக் காலத்திலும் காய்ச்சலின் இருப்பிடமாகவே கருதப்பட்டதில்லை, புகலிடமாகவும் இருந்திருக்கிறது. ஹிஜ்ரி 18இல், அதாவது கி.பி. 639இல், ஜெரூசலேமுக்கும் ரம்லாவுக்கும் இடைப்பட்ட அம்வாஸ் என்னும் ஊரின் பெயரால் அழைக்கப்படும் கொள்ளைநோய் சிரியப் படையைச் சூறையாடியது. மாண்டோர் 25,000 பேர் என்பது வரலாற்றாசிரியர்கள் தரும் கணக்கு. கலீஃபா உமர் (ரலி) ஸர்ஃ என்னுமிடம்வரை வந்து, நோய் பரவிய செய்தி கேட்டுத் திரும்பிவிட்டார்கள். படைத் தளபதி அபூ உபைதா (ரலி) திரும்ப மறுத்துத் தம் படையினரோடு தங்கினார், அந்நோயிலேயே மறைந்தார். அடுத்துப் பொறுப்பேற்ற முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்களும் மறைந்தார்கள். மூன்றாவதாகத் தலைமையேற்ற அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி), இந்நோய் நெருப்பைப் போலப் பற்றிப் பரவுகிறது என்று கூறி மக்களை மலைகளுக்குக் கலைந்து செல்லப் பணித்தார்கள். உமர் (ரலி) அதை வெறுக்கவில்லை என்றே அறிவிப்புகள் கூறுகின்றன.

நோயுள்ள ஊருக்குள் நுழையாதீர், அங்கே இருப்பீராயின் தப்பியோடாதீர் என்னும் பொருள்பட்ட நபிமொழி ஸர்ஃ நிகழ்ச்சியின்போதுதான் நினைவூட்டப்பட்டது. நுழையாதிருப்பதன் காரணம் யார்க்கும் விளங்கும். வெளியேறக் கூடாது என்பது ஏன்? இமாம் கஸ்ஸாலி ‘இஹ்யா’வில் தரும் விளக்கம் நம் பொருளுக்கு நேரடியாகத் தொடர்புடையது. நலமுள்ளோர் அனைவரும் கிளம்பிவிட்டால் ஊரில் எஞ்சுவோர் நோயாளிகள் மட்டுமே. அவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கவும் உணவு ஊட்டவும் ஆளிருக்காது. அவர்கள் பேணுநரின்றி அழிவர். ஆகவே தங்கியிருப்பது கடமை என்கிறார் கஸ்ஸாலி. இவ்விளக்கத்திலிருந்து இயல்பாகவே மற்றொரு வினா பிறக்கிறது: தங்கிப் பேணுபவரைக் காக்கும் கடமை யாருடையது? என் கருத்தில் கொள்ளைநோய் பற்றிய பழைய விவாதங்கள் முதல் வினாவுக்குச் செலவிட்ட உழைப்பில் ஒரு சிறு பங்கைக்கூட இரண்டாவதற்குச் செலவிடவில்லை.

தொற்று உண்டா இல்லையா என்பதிலேயே அறிஞர்கள் பிளவுபட்டிருந்ததும் அதற்கு ஒரு காரணமாகலாம். 1348-49இல் கருங்கொள்ளை அந்தலூஸை அடைந்தபோது, அல்மேரியாவில் மருத்துவரான இப்னு காத்திமா, இறந்தோரின் ஆடைகளும் படுக்கைகளும் விற்கப்பட்ட கடைவீதியில் இருந்தோர் பெருந்தொகையாக மாண்டதைப் பதிவு செய்தார். கிரனாடாவின் அமைச்சரும் வரலாற்றாசிரியருமான இப்னுல் கதீப் இன்னும் துணிந்து பேசினார். ஆடை, பாத்திரம், காதணி வழியாகவும் நோய் பரவுவதைப் புலன்களும் அனுபவமும் மெய்ப்பித்துவிட்டன. அத்தகைய சான்றோடு முரண்படுவதாகத் தோன்றும் மரபுரைக்கு வேறு விளக்கம் காண வேண்டும் என்றார். இதற்கு மாறாக, பிற்கால ஹதீஸ் பேரறிஞர் இப்னு ஹஜர் அல்அஸ்கலானீ தாம் எழுதிய கொள்ளைநோய் நூலில் தொற்றுக் கொள்கையை ஏற்கவில்லை. தம் புதல்வியரைக் கொள்ளைநோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். அவருடைய முடிவை நாம் ஏற்க வேண்டியதில்லை. அந்நூலை ஒரு தந்தையின் நூலாகவும் படிக்கலாம்.

ஆறரை நூற்றாண்டு கடந்து, அதே வினா மலேசியாவில் வேறு வடிவில் எழுந்தது. 1998 செப்டம்பர் முதல் ஈப்போ பகுதியின் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தோர் காய்ச்சலும் மூளையழற்சியும் கண்டு இறந்தனர். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவுகட்டிக் கொசு மருந்து தெளித்தனர், தடுப்பூசி போட்டனர். நோய் நிற்கவில்லை. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் சுவா காவ் பிங், சுங்கை நிபா சிற்றூர் நோயாளியிடமிருந்து புதிய வைரஸைப் பிரித்தெடுத்தார். ஊரின் பெயரே வைரஸின் பெயராயிற்று. மலேசியாவில் 265 பேர் நோயுற்று 105 பேர் மாண்டனர். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. ஆயினும் நோயாளிகளைப் பேணிய செவிலியரிடையே நோய் பரவவில்லை. எனவே நிபா என்பது பன்றியிடமிருந்து மனிதருக்கு வருவது, மனிதரிடமிருந்து மனிதருக்கு எளிதில் தாவாதது என்னும் எண்ணம் நிலைபெற்றது.

அவ்வெண்ணத்தை முறித்தது நம் நாட்டின் சிலிகுரி. 2001 ஜனவரி இறுதியிலும் பிப்ரவரியிலும் அந்நகரில் 66 பேர் நோயுற்றனர். 45 பேர் இறந்தனர். நோயுற்றோரில் நான்கில் மூன்று பங்கினர் மருத்துவமனைப் பணியாளர்கள் அல்லது நோயாளிகளைக் காண வந்தோர். நோய் பரவிய களம் மருத்துவமனையேதான். ஆனால் அது நிபா என்பது அன்று தெரியவில்லை. சேமித்து வைத்திருந்த மாதிரிகளைப் பின்னர் ஆய்ந்து, 2006இல்தான் முடிவை வெளியிட்டனர். நோயின் பெயர் அறியாமலே புதைகுழிக்குச் சென்ற செவிலியருக்கு அப்பெயர் ஐந்தாண்டு தாமதமாகக் கிடைத்தது. வங்காளதேசத்தில் பின்னர் நடந்த ஆய்வுகள் வழியைத் தெளிவாக்கின: பழந்தின்னி வௌவால்கள் நக்கிய பேரீச்சம் பதநீரைப் பருகியவருக்கு முதலில் நோய், பின்பு அவருடைய உமிழ்நீரும் மூச்சுவழிச் சுரப்பும் பட்டு, அருகிருந்து பேணியோருக்கு.

பேணியோர் என்று இங்கே சொல்வது ஊதியம் பெறும் செவிலியரை மட்டுமன்று. நம் அரசு மருத்துவமனைகளில் நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பதும், கழிகலம் எடுப்பதும், வாய் துடைப்பதும் பெரும்பாலும் உடன்வந்த தாயோ மனைவியோ தமக்கையோதான். அவர்களிடம் கையுறை இல்லை. எப்போது விலகி நிற்க வேண்டும் என்று சொல்வாரும் இல்லை.

2018 மே மாதத் தொடக்கத்தில் கோழிக்கோடு மாவட்டத்தின் பேராம்பிரா வட்ட மருத்துவமனையில் ஓர் இளைஞர் காய்ச்சலோடு சேர்க்கப்பட்டார். அங்கிருந்து கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பப்பட்டு, மே 5இல் இறந்தார். பேராம்பிராவின் வார்டிலும், மருத்துவக் கல்லூரியில் ஸ்கேன் எடுக்கும் பிரிவின் நெரிசல் மிகுந்த நடையிலும் அவருடைய இருமல் பட்டவர்கள் தத்தம் வீடுகளுக்குச் சென்றுவிட்டனர். நோய் வெளிப்பட ஏறத்தாழ ஒன்பது, பத்து நாட்களாகும் என்பதால் ஊர் அமைதியாக இருந்தது. அவருடைய சகோதரர் அதே குறிகளோடு கோழிக்கோட்டின் தனியார் மருத்துவமனை ஒன்றுக்கு வந்தபோதுதான் அங்கிருந்த மருத்துவர்கள் ஐயுற்று மாதிரிகளை மணிப்பால் ஆய்வகத்துக்கு அனுப்பினர். புணேயின் தேசிய வைராலஜி நிறுவனம் மே 20இல் நிபா என உறுதி செய்தது. முதல் மரணத்துக்கும் அப்பெயருக்கும் இடையே பதினைந்து நாட்கள்.

முதல் நோயாளியைப் பேராம்பிராவில் பேணியோரில் ஒருவர் செவிலியர் லினி புதுச்சேரி. நிரந்தரப் பணியாளரல்லர். கணவர் வளைகுடாவில் வேலை பார்த்தார். இரு சிறு குழந்தைகள். பெயர் உறுதியான மறுநாள், மே 21இல் லினி இறந்தார். தம் நிலையை உணர்ந்து, குழந்தைகளை நெருங்கவிடாமல், கணவருக்கு ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தார். உடல் வீட்டுக்குக் கொண்டுசெல்லப்படாமல் எரியூட்டப்பட்டது. பின்னர் கேரள அரசு அவர் பெயரில் செவிலியர் விருது ஏற்படுத்தியது; கணவருக்கு அரசு வேலையும் தந்தது. உயிரோடிருந்தபோது அவருக்குக் கிட்டாத நிரந்தரப் பணியை இங்கே நினைக்காமலிருக்க முடியவில்லை.

அந்தக் கொள்ளைநோயில் உறுதி செய்யப்பட்டோர் 18 பேர். ஐயத்துக்குரியோரையும் சேர்த்தால் 23 பேர். பிழைத்தோர் இருவர் மட்டுமே. அவருள் ஒருவர் செவிலியர் படிப்பு மாணவி. முதல் நோயாளியைத் தவிர மற்றவர்கள் மருத்துவமனைத் தொடர்பிலேயே நோயைப் பெற்றனர். பேராம்பிராச் செவிலியர் பேருந்தில் ஏறினால் அருகே இருந்தோர் எழுந்து சென்றனர். ஆட்டோ ஓட்டுநர்கள் ஏற்ற மறுத்தனர். நோய் பெயரற்றிருந்தபோது அவர்களை எவரும் தனிமைப்படுத்தவில்லை; பெயர் கிடைத்ததும் ஊரே அவர்களைத் தனிமைப்படுத்திற்று.

இறந்தோரின் உடல் பற்றிய சிக்கலும் எழுந்தது. எபோலாவுக்கென வகுக்கப்பட்ட விதிகளைப் பின்பற்றி, உடலை மூடிக் கட்டி, ஆழக் குழிதோண்டி அடக்கம் செய்தனர். குளிப்பாட்டிக் கஃபனிடும் முறையை எவ்வாறு நிறைவேற்றுவது? கொள்ளைநோயில் இறந்தவர் ஷஹீத் என்பதால் குளிப்பாட்ட வேண்டாம் என்று சிலர் கூறக் கேட்கிறோம். அது சரியன்று. போர்க்களத்தில் வீழ்ந்தவருக்கு உரிய சட்டம் அது; கொள்ளைநோயில் இறந்தவருக்கு மறுமையில் அந்தத் தகுதி, இம்மையில் வழக்கமான குளிப்பாட்டலே. அதைத் தவிர்ப்பதற்கு அடிப்படை வேறு: குளிப்பாட்டுபவரின் உயிருக்குத் தீங்கு என்னும் நிர்ப்பந்தம். இரண்டும் ஒரே விளைவைத் தரினும் வேறுபாடு முக்கியமானது. முதல் வாதம் இறந்தவரின் சிறப்பைப் பற்றியது. இரண்டாவது, உயிரோடு நீர்க்குடம் ஏந்தி நிற்பவரின் பாதுகாப்பைப் பற்றியது.

ஈராண்டு கழித்துத் தமிழகமும் இதே தேர்வை எதிர்கொண்டது. 2020 ஏப்ரல் 19இல் சென்னை நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் கோவிட் நோயால் இறந்தார். கீழ்ப்பாக்கம் கல்லறையில் அவரை அடக்கம் செய்ய விடாமல் கூட்டம் தடுத்தது. வேலங்காட்டில் கல்வீச்சுக்கும் தாக்குதலுக்கும் இடையே சக மருத்துவர் ஒருவர் தம் கையால் மண்வெட்டி பிடித்துக் குழியை மூடினார். புதைத்த உடலிலிருந்து நோய் பரவும் என்னும் மூடநம்பிக்கையே காரணம். அதே மாதத்தில் மருத்துவப் பணியாளர் மீதான வன்முறைக்கு எதிராக 1897ஆம் ஆண்டின் கொள்ளைநோய்ச் சட்டத்தைத் திருத்தி மத்திய அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. அடக்கத்தைத் தடுப்போருக்குத் தண்டனை விதிக்கத் தமிழக அரசும் அவ்வாறே செய்தது. பின்வந்த மாதங்களில் தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகம் முதலிய அமைப்புகளின் தொண்டர்கள் எல்லாச் சமயத்தாரின் உடல்களையும் அடக்கம் செய்தும் எரியூட்டியும் உதவினர். மருத்துவப் பணியாளர் பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை. ஆனால் ஆபத்து ஒன்றே.

மீண்டும் வெள்ளிமலைக்கு வருவோம். பேராம்பிராவும் இதுபோன்ற ஒதுங்கிய ஊர்தான். முதல் நோயாளி வந்ததும் பெருநகர மருத்துவமனைக்கன்று. மருத்துவ உலகம் இதற்கு ஒரு விடையை முன்பே கண்டுவைத்திருக்கிறது. எய்ட்ஸ் பரவிய 1980களில், எவர் உடலில் என்ன கிருமி என்பது கண்ணுக்குத் தெரியாது என்பதால், எல்லா நோயாளியின் குருதியையும் தொற்றுடையதாகவே கருதிக் கையாள வேண்டும் என்னும் விதி பிறந்தது. 1990களில் அது மற்ற உடல் திரவங்களுக்கும் விரிந்தது. கையுறை, முகக்கவசம், கைகழுவும் நீர், இருமுவோரைத் தனித்து அமர்த்தும் ஒரு திண்ணை: இவை நோயின் பெயர் தெரிந்த பிறகு வர வேண்டியவையல்ல. அவற்றின் பயன் முழுவதும் பெயர் தெரியாத நாட்களில்தான் இருக்கிறது. 2023இல் கோழிக்கோட்டில் நிபா மீண்டும் தலைகாட்டியபோது உறுதியானோர் ஆறு பேர், இறந்தோர் இருவர். நோயுற்ற மருத்துவப் பணியாளர் ஒருவர் பிழைத்தார். கண்டறிதல் விரைந்திருந்தது.

கள்ளக்குறிச்சி 2019இல் தனி மாவட்டமாயிற்று. 2022 ஜனவரியில் அங்கே அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. பெயர் சொல்லும் ஆய்வகம் அவ்வளவில் அருகே வந்திருக்கிறது. எனினும் மலைச் சிற்றூர் ஒன்றிலிருந்து நள்ளிரவில் தூக்கிவரப்படும் காய்ச்சல்காரரை முதலில் தொடுபவர் வெள்ளிமலையில் இரவுப் பணியிலிருக்கும் செவிலியரே. மாதிரி மலையிறங்கி, முடிவு மலையேறி வரும்வரை அந்த நோய்க்குப் பெயரில்லை.